மொரீசியஸில் நண்பர்களுடன் ஒரு வாரம், அதன்பின் அடுத்த நாடு: முழுமையான வழிகாட்டி

படிப்பு முடிந்தோ வேலை மாறியோ ஆளுக்கொரு திசையாகப் பிரியும் முன் ஒரு வாரமாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கும் நண்பர் குழுக்கள் இப்போது மொரீசியஸை அதிகம் தேர்ந்தெடுக்கின்றன. சென்னையிலிருந்து சிலர், சிங்கப்பூரிலிருந்து சிலர் என்று வந்து இங்கே கூடுகிறார்கள். விடுமுறை முடிந்ததும் ஒருவர் பக்கத்துத் தீவான ரீயூனியனுக்கும் மற்றொருவர் ஜோகன்னஸ்பர்க்குக்கும் விமானம் ஏறுகிறார்கள். இத்தீவில் வசிக்கும் தமிழன் என்ற முறையில் அத்தகைய குழுக்கள் பலவற்றுக்கு வழி சொல்லியிருக்கிறேன். நன்றாக அமைந்த பயணங்களுக்கும் சலிப்பில் முடிந்த பயணங்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இரண்டே முடிவுகளில் அடங்கிவிடுகிறது: வரும் மாதத்துக்குப் பொருந்தும் கடற்கரையில் தங்கினார்களா, கடைசி இரண்டு இரவுகளை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்தார்களா என்பவையே அவை. மற்றவற்றை வந்த பிறகும் திருத்திக்கொள்ளலாம்.

முதற்படி: மாதத்தையும் கடற்கரையையும் சேர்த்தே முடிவு செய்தல்

மொரீசியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை, மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம். குளிர்காலம் என்றாலும் கடலோரத்தில் பகலில் வெயில் இதமாகவே இருக்கும். மேட்டு நிலத்தில் உள்ள க்யூர்பீப் போன்ற ஊர்களில்தான் மாலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். தீவின் நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர், அகலம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இவ்வளவு சிறிய நிலத்தில் எங்கே தங்கினால் என்ன என்று தோன்றும். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று, குறிப்பாக ஜூன் முதல் செப்டம்பர் வரை, கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் பலமாக இருக்கும். அந்த மாதங்களில் கிழக்கே வீடு எடுத்தவர்கள், படத்தில் கண்ட நீலத் தண்ணீருக்கு முன்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவிலுள்ள மேட்டு நிலமும் மலைகளும் மேற்குக் கரைக்கு மறைப்பாக இருப்பதால் ஃப்ளிக் அன் ஃப்ளாக், தாமரேன் பக்கத்தில் காற்று அடங்கி வெயில் கூடுதலாகக் கிடைக்கும். வடக்கே கிராண்ட் பே, பெரேபேர், திரு ஓ பீஷ் ஆகியவையும் ஓரளவு தப்பித்துக்கொள்ளும்.

ஆகவே விதி எளியது: குளிர்காலத்தில் வந்தால் மேற்கு அல்லது வடக்கு, கோடையில் வந்தால் காற்று தேவைப்படுவதால் கிழக்கும் நல்லது. இரவில் கடைகளும் மனித நடமாட்டமும் வேண்டும் என்று விரும்பும் குழுவுக்குக் கிராண்ட் பேதான் சரி. பேசிக்கொண்டே இருக்க ஒரு திண்ணையும் எதிரில் கடலும் போதும் என்பவர்களுக்கு மேற்கு. எனக்கு மேற்கே பிடிக்கும், ஏனெனில் சூரியன் மறைவது அங்கே கடலுக்குள். லெ மோர்ன் மலையும் ஷமரேல் காடும் பக்கத்தில்.

கோடையில் வருபவர்கள் புயலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை அபாயம் அதிகம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. இங்கே புயல் எச்சரிக்கை நான்கு நிலைகளாக அறிவிக்கப்படும். மூன்றாம் நிலை அறிவித்ததும் பேருந்துகள் நின்றுவிடும், கடைகள் மூடப்படும், எல்லோரும் வீட்டுக்குள் இருப்பார்கள். அடுத்த நாட்டுக்கு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இந்த மாதங்களில் பயணச்சீட்டை மாற்றிக்கொள்ளும் வசதியோடு வாங்குவதும், இடையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வதும் நல்லது. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் வரையிலான காலத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன்: மழை குறைவு, கடல் மெல்லச் சூடாகத் தொடங்கியிருக்கும், நவம்பர் இறுதியில் வந்தால் லிச்சிப் பழமும் சந்தைக்கு வந்துவிடும்.

இரண்டாம் படி: போகப்போகும் நாட்டின் ஆவணங்களை முதலில் முடித்தல்

மொரீசியஸுக்கு வருவது இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சிக்கலில்லை. சுற்றுலாவுக்கான அனுமதி வந்திறங்கும்போதே கட்டணமின்றித் தரப்படுகிறது. ஆனால் குடிவரவு மேசையில் தங்கும் இடத்தின் விவரத்தையும் திரும்பும் அல்லது அடுத்த நாட்டுக்குச் செல்லும் பயணச்சீட்டையும் கேட்பார்கள். ‘போய்ப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்’ என்று ஒருவழிச் சீட்டோடு வருபவரால் குழு முழுவதும் வரிசையில் காத்திருக்க நேரும். பயணத்துக்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவத்தையும் ஒவ்வொருவரும் தனித்தனியே நிரப்பி, கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் ரீயூனியன். அது பிரான்சின் ஒரு மாவட்டம், நாணயம் யூரோ. ஆயினும் ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் அது அடங்காது. ஐரோப்பாவுக்கு வாங்கிய சாதாரண ஷெங்கன் விசா கையில் இருக்கிறது என்று நம்பிப் புறப்படும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் விமான நிறுவன மேசையிலேயே நிறுத்தப்படக்கூடும். ரீயூனியனுக்குச் செல்லுபடியாகும் என்று குறிப்பிட்ட பிரெஞ்சு விசாவுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பித்து, கையில் வந்த பிறகே அந்தப் பகுதிக்கான சீட்டை உறுதி செய்ய வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தியர்களுக்கு விசா தேவை. ஒரே குழுவில் வெவ்வேறு நாட்டுக் கடவுச்சீட்டுகள் இருந்தால் ஒருவருக்குப் பொருந்தும் விதி மற்றவருக்குப் பொருந்தாது. ஒவ்வொருவரும் தத்தம் நிலையைத் தனியே சரிபார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடு ஒன்றின் வழியாக வருபவர்களிடம் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

விசா கிடைக்காதவர்களுக்கு ஓர் அழகான மாற்று உண்டு. மொரீசியஸ் நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவு கிழக்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் இருக்கிறது. அதற்குத் தனி விசா வேண்டியதில்லை. அங்கே செல்வது சிறிய விமானம் என்பதால் பெட்டியின் எடையைக் குறைத்தே அனுமதிப்பார்கள்.

மூன்றாம் படி: வீடு, வண்டி, பொதுப்பணம்

நான்கு பேருக்கு மேல் இருந்தால் ஹோட்டலைவிடச் சமையலறை உள்ள வாடகை வீடே மேல். காலையில் தோசை வார்க்கும் அளவுக்கு யாரும் முனைய வேண்டாம். ஆனாலும் தேநீர் போடவும், சந்தையில் வாங்கிய மீனைப் பொரிக்கவும், இரவு இரண்டு மணி வரை யாருக்கும் தொந்தரவின்றிப் பேசவும் ஒரு கூடம் வேண்டும். நண்பர்களுக்கான விடுமுறையில் அந்தக் கூடம் கடலுக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. அறைகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது என்பதால் யாருக்கு எந்த அறை, அதற்கேற்ப யார் எவ்வளவு தருவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். சாப்பாடு, எரிபொருள், படகு ஆகியவற்றுக்கு முதல் நாளே சமமாகப் பணம் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிட்டால், தொட்டதற்கெல்லாம் கணக்குப் பார்க்கும் சங்கடம் இராது. குடிப்பவர்களின் செலவைப் பொதுப்பணத்தில் சேர்க்காமல் இருப்பது நட்புக்கு நல்லது.

வண்டிகள் இங்கே இடப்பக்கமாகவே செல்வதால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தடுமாற்றம் இல்லை. செல்லுபடியாகும் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இருந்தால் வாடகை நிறுவனத்தில் கேள்வி எழாது. கிராமச் சாலைகள் குறுகியவை. இருபுறமும் ஆளுயரக் கரும்பு நிற்கும் மாதங்களில் திருப்பங்களில் எதிர்வரும் வண்டி தெரியாது. போர்ட் லூயிஸ் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை காலையிலும் மாலையிலும் நெரிசலில் திணறும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு மிகக் குறைவு, சோதனையும் அடிக்கடி நடக்கும். எனவே ஒருவர் அன்றைய நாளுக்குக் குடிக்காமல் இருக்க வேண்டும். டாக்ஸிகளில் மீட்டர் பார்த்துக் கட்டணம் வாங்கும் வழக்கம் இல்லாததால் ஏறுமுன் தொகையைப் பேசிவிடுங்கள். பேருந்து மலிவு, ஆனால் கிராமப்புறத்தில் மாலை ஆறரை மணிக்கெல்லாம் ஓய்ந்துவிடும். போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில், கத்ர் போர்ன் வழியாக க்யூர்பீப் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. நகரங்களுக்கு அது போதும், கடற்கரைகளுக்கு உதவாது.

மின்சிகரெட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். அதன் இறக்குமதிக்கு இங்கே தடை உள்ளது. போதைப்பொருள் விஷயத்தில் இந்த நாடு காட்டும் கடுமைக்கு நண்பர்களின் விளையாட்டு ஒரு சாக்காகாது.

நான்காம் படி: கடலில் கழிக்கும் நாட்கள்

தீவை ஏறக்குறைய முழுவதுமாகப் பவளப்பாறைத் திட்டு சூழ்ந்திருக்கிறது. அந்தத் திட்டில் அலைகள் உடைந்துவிடுவதால் உட்பக்கத் தண்ணீர் குளம் போல அமைதியாக இருக்கும். நீந்தத் தெரியாதவர்களும் இடுப்பளவு நீரில் நின்று மீன்களைப் பார்க்கலாம். திட்டில் இடைவெளி இருக்கும் இடங்களில் மட்டும் நீரோட்டம் வெளியே இழுக்கும். கரையிலிருந்து பார்த்தால் வெள்ளை அலைக்கோடு அறுந்து காணப்படும் இடமே அந்த இடைவெளி. அதன் பக்கம் நீந்தக் கூடாது. தெற்கே சுய்யாக் அருகே கிரி கிரியில் பாறைத் திட்டே இல்லை. கருங்கல் பாறையில் அலை மோதும் காட்சி அற்புதமானது. அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீரில் இறங்குவது ஆபத்து.

ரப்பர் காலணி இல்லாமல் கடலில் நடக்காதீர்கள். கடல் முள்ளெலியின் முள் குத்தினால் ஒரு நாள் நொண்டுவதோடு போகும். கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனை மிதித்தால் வலி தாங்க முடியாது. பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை அமிழ்த்திவைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர மருத்துவ ஊர்தியை அழைக்க எண் 114, காவல்துறைக்கு 999.

படகுப் பயணம் ஒன்று போதும், இரண்டு வேண்டாம். வடக்கே தங்கியவர்கள் கத்தமரான் படகில் குவேன் த மீர் தீவைக் கடந்து இலோ கப்ரியேல் வரை சென்று வரலாம். மணல் வெண்மையாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும், ஆனால் குளிர்காலக் காற்றில் அந்த வழியில் படகு நன்றாகவே ஆடும், வாந்தி எடுப்பவர்கள் குழுவில் இருந்தால் யோசிக்க வேண்டும். கிழக்கே திரு தோ தூஸிலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்குப் படகுகள் செல்கின்றன. புகழுக்கேற்ற கூட்டமும் அங்கே உண்டு. காலையில் முதல் படகில் போனால் மட்டுமே மகிழ்ச்சி. தாமரேன் கடலில் விடியற்காலையில் டால்பின்களைப் பார்க்கப் பல படகுகள் விரையும். அந்த விலங்குகளைச் சுற்றி எஞ்சின்கள் மொய்ப்பதைக் கண்டபின் எனக்கு அதைப் பரிந்துரைக்க மனமில்லை. தென்கிழக்கில் ப்ளூ பே கடற்பூங்காவில் கண்ணாடித் தள படகு போதும்; அடியில் பவளம் தெரியும், சட்டை நனைய வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பொதுக் கடற்கரை தனி அனுபவம். சவுக்கு மரங்களின் கீழே குடும்பங்கள் காலையிலேயே பாய் விரித்து, தேக்ஸாவில் பிரியாணி கிளறி, ரவான் என்னும் தோல்வாத்தியத்தைத் தட்டி, தீவின் நாட்டுப்பாடலான சேகா பாடி ஆடும். இடம் பிடிக்க வேண்டுமானால் ஒன்பது மணிக்குள் போங்கள். அமைதி தேடுகிறவர்கள் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: மலையும் காடும்

தென்மேற்கு முனையில் நிற்கும் லெ மோர்ன் 556 மீட்டர் உயரமுள்ளது. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்கள் ஒளிந்திருந்த இடம் என்பதால் 2008-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஏறுவதானால் விடியற்காலையிலேயே தொடங்குங்கள். பாதி வழி வரை யாரும் நடக்கலாம். அதற்கு மேல் பாறையைக் கைகளால் பற்றி ஏற வேண்டியிருப்பதால் உயர அச்சம் உள்ளவர்கள் நடுவழிப் பார்வைமுனையோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. மழை பெய்திருந்தால் மேற்பகுதிக்குப் போகவே வேண்டாம். கடலுக்கடியில் அருவி என்று படங்களில் பரவும் காட்சியும் லெ மோர்ன் அருகேதான் இருக்கிறது. மணலும் வண்டலும் சரிவில் இறங்கும் தோற்றமே அது. மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் என்பதால் கரையில் நின்று தேடி ஏமாற வேண்டாம்.

ஷமரேலின் பலவண்ண மண்மேடுகள் அரை மணி நேரத்துக்குரியவை. பக்கத்து அருவியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மேலே பிளாக் ரிவர் கார்ஜ் தேசியப் பூங்காவுக்குச் செல்லுங்கள். 1994-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில்தான் தீவின் மிக உயர்ந்த முகடு, 828 மீட்டர், இருக்கிறது. ஒரு காலத்தில் நான்கு பறவைகளாகக் குறைந்துபோன மொரீசியஸ் வல்லூறு மீட்கப்பட்டதும் இம்மலைகளில்தான். மே, ஜூன் மாதங்களில் வந்தால் ப்ளேன் ஷம்பாஞ் சாலையோரம் உள்ளூர்க் குடும்பங்கள் சிறிய சிவப்புச் சீனக் கொய்யாவைப் பறிப்பதைக் காணலாம். உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பார்கள். அதே சாலையில் இந்துக்களின் புனித ஏரியான கங்கா தலாவும் வழியில் வந்துவிடும். முழங்கால் தெரியும் உடையோடு போகாமல், ஒரு வேட்டியையோ சால்வையையோ வண்டியில் வைத்திருங்கள்.

ஆறாம் படி: போர்ட் லூயிஸ், கோயில், சாப்பாடு

தலைநகருக்கு ஒரு நாள், அதுவும் வாரநாள். சனிக்கிழமை பிற்பகலிலேயே கடைத்தெரு வெறிச்சோடிவிடும். துறைமுகத்தில் உள்ள ‘ஆப்ரவாசி காட்’ என்னும் பழைய இறங்குதுறையில் தொடங்குங்கள். 1834-க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகக் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இந்தத் தீவில் வந்திறங்கினார்கள். அவர்கள் ஏறிய கற்படிகள் இன்னும் இருக்கின்றன. தமிழர்கள் அதற்கும் முன்பே வந்தவர்கள். 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, துறைமுக நகரைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். கையில் இருக்கும் மொரீசியஸ் ரூபாய்த் தாளைத் திருப்பிப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். 1998-இல் இந்தியைத் தமிழுக்கு முன்னால் அச்சிட்ட தாள்கள் எதிர்ப்பு எழுந்ததால் திரும்பப் பெறப்பட்டன. நூறு ரூபாய்த் தாளில் இருப்பவர் தமிழரான ரெங்கநாதன் சீனிவாசன்.

நகரின் ஓரத்தில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் திருக்கோயில் இருக்கிறது. கத்ர் போர்னில் கோர் த கார்ட் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை. அந்த நாளில் வந்தால் காவடி எடுப்பவர்களின் வழியை மறித்துப் படம் எடுக்காமல், ஓரமாக நின்று தண்ணீர் கொடுப்பவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசுகின்றன. பள்ளியிலும் கோயிலிலும் கற்ற தமிழ் சிலருக்குச் சில சொற்களோடு நிற்கும். ‘வணக்கம்’ சொன்னால் முகம் மலரும்; அதற்கு மேல் தமிழ் வரவில்லை என்பதற்காக யாரையும் சோதிக்கக் கூடாது.

சாப்பாட்டில் முதலிடம் தால் பூரிக்கு. வேகவைத்த கடலைப்பருப்பை உள்ளே வைத்துத் திரட்டிய மெல்லிய ரொட்டி, பீன்ஸ் குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற ருகாய், மிளகாய்த் துவையல். இரண்டிரண்டாகச் சுருட்டித் தாளில் தருவார்கள். காத்தோ பிமான் நம் பருப்பு வடையின் நேர்த் தம்பி. வாழையிலையில் ஏழு கறிகளோடு பரிமாறும் சாப்பாடு கோயில் விழாக்களிலும் வீட்டு விசேஷங்களிலும் கிடைக்கும், அழைத்தால் மறுக்காதீர்கள். சைவக்காரர்களுக்கு இந்தத் தீவில் பட்டினி இல்லை.

ஏழாம் படி: கடைசி இரண்டு இரவுகள்

விமான நிலையம் தென்கிழக்கில் இருக்கிறது. கிராண்ட் பேயிலிருந்து அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தலைநகர் நெரிசலில் சிக்கினால் இன்னும் கூடும். எனவே வீட்டை ஐந்தாம் நாளில் காலி செய்துவிட்டு மாயேபூர் அல்லது ப்ளூ பே பக்கம் சிறிய விடுதி ஒன்றுக்கு மாறுங்கள். ஆளுக்கொரு நேரத்தில் விமானம் இருக்கும்போது, முதலில் கிளம்புபவரை வழியனுப்பிவிட்டு மற்றவர்கள் கால் மணி நேரத்தில் திரும்பிவிடலாம்.

மாயேபூரில் திங்கட்கிழமைச் சந்தை பெரியது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், 26 ஹெக்டேர் மட்டுமே உள்ள இல் ஓ எக்ரெத் தீவுக்குப் படகில் அழைத்துச் செல்கிறார்கள். கருங்காலி மரங்களும் இளஞ்சிவப்புப் புறாவும் ராட்சத ஆமைகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. இடம் குறைவு, முன்பதிவு அவசியம்.

கையில் மிஞ்சிய மொரீசியஸ் ரூபாயைப் புறப்படும் முன் மாற்றிவிடுங்கள். வெளியே அதை வாங்குபவர்கள் அரிது. ரீயூனியனுக்கு விமானம் முக்கால் மணி நேரமே. சான்றின்றிப் பழமோ செடியோ கொண்டுபோகக் கூடாது. அங்கே கார்கள் வலப்பக்கம் ஓடும். சுறா அபாயத்தால் 2013 முதல் பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே கடலில் இறங்கத் தடை இருக்கிறது என்பதால் மொரீசியஸில் பழகிய துணிச்சலைத் தொடரக் கூடாது. 2025-இல் இரு தீவுகளிலும் சிக்குன்குனியா பரவியதால் கொசு மருந்து இரண்டிடத்திலும் தேவை. ஜோகன்னஸ்பர்க் நான்கு மணி நேரப் பயணம், கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னே வைக்க வேண்டும். வாடகைக் காரை ஒப்படைக்கும்போது நான்கு பக்கமும் படம் எடுத்து, எரிபொருள் முள்ளையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். பொதுப்பணத்தில் மிச்சம் இருந்தால் விமான நிலையத்திலேயே பிரித்துக் கொடுத்துவிடுங்கள், பிறகு யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள்.